கடுகண்ணாவை ஏற்றம்: கொழும்பு – கண்டி குதிரை வண்டிப் பாதை உருவான வரலாறு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி ஏறத்தாழ 116 கிலோமீற்றர் நீளமுடையது. களனி கங்கையைக் கடந்து நிட்டம்புவ, வரக்காபொல, கேகாலை ஊடாகத் தென்னந்தோட்டங்களும் வயல்களும் இறப்பர்த் தோட்டங்களும் மாறிமாறி வரும் தாழ்ந்த நிலத்தில் செல்லும் அவ்வீதி, மாவனல்லைக்கு அப்பால் மலையின் விலாவைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 அடி உயரத்திலுள்ள கடுகண்ணாவைக் கணவாயை எட்டியதும் பயணி கண்டி நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். இருநூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த மலைச்சரிவில் சக்கரம் உருளக்கூடிய வழி எதுவும் இருக்கவில்லை. 1820இல் தொடங்கிய வேலை 1832ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றபோது, ஆசியாவின் முதலாவது குதிரைத் தபால் வண்டி ஓடிய பாதை என்ற பெயர் இதற்குக் கிடைத்தது.

இந்தப் பாதையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பொறியியல் வெற்றியின் கதையைத்தான் சொல்கின்றன. மலையைக் குடைந்தவர், பாலத்தைக் கட்டியவர், வண்டியை ஓட்டியவர் என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அந்தப் பெயர்கள் நினைக்கப்பட வேண்டியவைதாம். எனினும் இந்த வீதியின் வரலாற்றில் என்னை மிகவும் பாதிக்கும் உண்மை வேறு. கண்டி அரசனுக்கு அவனுடைய குடிகள் செய்யக் கடமைப்பட்டிருந்த ஊழியத்தை ஆங்கிலேயர் தமதாக்கிக்கொண்டு, அந்த ஊழியத்தைக் கொண்டே கண்டி அரசு மீண்டும் தலையெடுக்காதபடி செய்யும் வீதியை வெட்டினார்கள். குதிரை வண்டியின் காலம் முப்பத்தைந்து ஆண்டுகளில் முடிந்துவிட்டது. கூலியில்லாமல் மண் சுமந்த மக்களின் வேலை இன்றும் நம் காலடியில் கிடக்கிறது.

வழியின்மையே அரணாக இருந்த நாடு

கடற்கரையைக் கைப்பற்றிய ஐரோப்பியர் மூவரும் கண்டி மலைகளில் அடிபட்டுத் திரும்பியவர்களே. 1594இல் போர்த்துக்கேயர் தலைநகர் வரை சென்றும் தந்துறையில் அழிந்தனர். 1638இல் கன்னொறுவையில் மற்றொரு போர்த்துக்கேயப் படை ஏறத்தாழ முழுவதுமாக மாண்டது. 1765இல் ஒல்லாந்தர் தலைநகரைப் பிடித்தார்கள். பிடித்த நகரில் தங்க முடியாமல் பின்வாங்கினார்கள். 1803இல் ஆங்கிலேயரின் முறை வந்தது. அதிக எதிர்ப்பின்றிக் கண்டிக்குள் புகுந்த அவர்களுடைய படை, நோயாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் சில மாதங்களில் நலிந்துபோய், மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து நகரைவிட்டு வெளியேறியது. வெள்ளம் பெருகிய மகாவலி கங்கையைக் கடக்க வழியின்றி வட்டப்புலுவையில் நின்றபோது அந்தப் படையினர் கொல்லப்பட்டனர்.

இந்தத் தோல்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே காரணம் இருந்தது. தலைநகரை எட்டிவிடலாம், எட்டிய பின் கடற்கரையோடு தொடர்பை அறாமல் வைத்திருக்க முடியாது. பாதைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அகலமே கொண்டவை. பீரங்கியை ஆட்கள் தூக்கிச் செல்ல வேண்டும். அரிசியும் வெடிமருந்தும் சுமையாட்களின் தோளில் ஏறிவர வேண்டும். சுமையாட்கள் காய்ச்சலில் விழுந்தாலோ காட்டுக்குள் மறைந்துவிட்டாலோ மேலே இருக்கும் படை பட்டினி கிடக்க வேண்டியதுதான். கண்டி மன்னர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அகன்ற வழிகள் வெட்டப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. கணவாய்களில் முள்ளால் பின்னிய கதவுகளை நிறுத்திக் காவல் போட்டார்கள். பகைவர் வரும் காலத்தில் பெருமரங்களைச் சாய்த்து வழியை அடைத்தார்கள். கடுகண்ணாவைக்கு அருகில் உள்ள பலனக் கணவாயின் கோட்டை தாழ்நிலத்தைப் பார்த்தபடி நின்ற காவல் நிலை. தலைநகருக்கு மேற்கிலிருந்து வரும் எவரும் அதன் கண்ணில் படாமல் ஏற முடியாது.

வணிகம் நடக்காமல் இல்லை. பொதிமாடுகள் உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றின. பாக்கையும் பிற விளைபொருள்களையும் கீழே இறக்கின. மாட்டின் முதுகுக்குப் போதுமான பாதையே நாட்டுக்கும் போதுமானதாக இருந்தது. ஆகவே வீதியின்மையைப் பின்தங்கிய நிலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியாகாது. அது ஓர் அரசின் தெளிவான பாதுகாப்புக் கொள்கை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பலன் தந்த கொள்கை.

1815இல் அந்த அரசு வீழ்ந்ததற்குக் காரணம் ஆங்கிலேயப் படையின் வலிமையைவிட, மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே முற்றிய பகையே. மதுரை நாயக்கர் உறவுவழி வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிக்கப்பட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டு மன்னன் கடல் கடந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஆனால் மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1817இன் பிற்பகுதியில், ஊவாவிலும் வெல்லசையிலும் எழுந்த கிளர்ச்சி மலைநாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. அதை அடக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டன. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை வென்ற ஆங்கிலேயருக்கும் ஒன்று புரிந்திருந்தது. பழைய ஒற்றையடிப் பாதைகளை நம்பிக்கொண்டு இந்த மலையை ஆள இயலாது. ஒரு படைப்பிரிவைக் கொழும்பிலிருந்து சில நாட்களில் கண்டிக்கு நகர்த்த முடியுமானால், மலைநாடு முழுவதும் சிறு சிறு காவற்படைகளை நிறுத்திவைத்து அவற்றுக்கு உணவு சுமக்க வேண்டியதில்லை.

பார்ன்ஸ், டோசன், ஸ்கின்னர்

இதைச் செயலாக்கியவர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போர்க்களத்தில் காயமுற்ற படைத்தளபதியான அவர் 1820 முதல் 1822 வரை பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். இந்தத் தீவுக்கு முதலாவது தேவை வீதி, இரண்டாவது தேவை வீதி, மூன்றாவது தேவையும் வீதியே என்று அவர் சொன்னதாக இன்றளவும் வழங்கிவருகிறது. அவருடைய ஆட்சியைப் பார்க்கும்போது அது வெறும் பேச்சாகத் தெரியவில்லை. களனி கங்கையின் மேல் கிராண்ட்பாஸ் துறையில் தோணிகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலம் 1822இல் வந்தது. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும் வரை கண்டிக்குப் புறப்பட்டவர் எல்லாரும் அந்தத் தோணிகளின் மேல்தான் ஆற்றைக் கடந்தனர்.

வீதியின் திட்டத்துக்கும் மலைப்பகுதியின் வேலைக்கும் பொறுப்பாக இருந்தவர் அரச பொறியியற் படையின் கப்டன் வில்லியம் பிரான்சிஸ் டோசன். வேலையின் ஒரு பகுதியை ஏற்றவர்களில் ஒருவர் தோமஸ் ஸ்கின்னர், 1804இல் பிறந்தவர். 1820இல் பார்ன்ஸ் அவரிடம் வீதி வேலையை ஒப்படைத்தபோது அவர் பதினாறு வயது இளைஞர். பொறியியலில் எந்தப் பயிற்சியும் பெறாதவர். தொழிலை வேலையிலேயே கற்றுக்கொண்ட அந்த இளைஞர் பின்னர் இலங்கையின் வீதிகளுக்கெல்லாம் பொறுப்பாளராகி, அரை நூற்றாண்டுக் காலம் உழைத்து 1867இல் தீவைவிட்டுச் சென்றார். அப்போது தீவில் ஏறத்தாழ 3,000 மைல் நீளத்துக்கு வீதிகள் இருந்தன.

மலையேற்றப் பகுதியில் அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று நாம் காணும் ஒவ்வொரு வளைவும் அதற்கான விடையாகவே அமைந்தது. நடந்து செல்பவருக்குச் செங்குத்தான பாதை ஒரு தடையாகாது. தூரம் குறைவாக இருந்தால் போதும் என்று அவர் மலையை நேராக ஏறிவிடுவார். பழைய பாதைகள் அப்படித்தான் ஏறின. வண்டியிழுக்கும் குதிரையின் கணக்கு வேறு. சரளை போட்டு இறுக்கிய சமதள வீதியில் ஒரு வண்டியை நகர்த்த அதன் எடையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு இழுவை போதுமென்று வைத்துக்கொள்வோம். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்துக்கு வந்ததும், அந்த இழுவையோடு வண்டியின் எடையில் இருபதில் ஒரு பங்கையும் குதிரை சேர்த்து இழுக்க வேண்டும். அதாவது சமதளத்தில் இழுத்ததைப்போல மூன்று மடங்கு. பத்தடிக்கு ஓர் அடி என்றால் ஐந்து மடங்கு. இறங்கும்போதோ ஆபத்து இன்னும் பெரிது. பாரமேறிய வண்டி குதிரைகளைப் பின்னிருந்து தள்ளத் தொடங்கினால், ஈரமான வளைவில் அதை நிறுத்துவது அந்தக் காலத்தில் மிகக் கடினம்.

ஆகவே வீதி மலையை நேராக ஏற முடியாது. சரிவின் பக்கவாட்டில் வளைந்து வளைந்து, தூரத்தைக் கூட்டிச் சாய்வைக் குறைத்துக்கொண்டே ஏற வேண்டும். பக்கவாட்டில் போகும் வீதிக்கு ஒரு பக்கம் மலையை வெட்ட வேண்டும். மறுபக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி, அது சரியாதபடி கற்சுவர் எழுப்ப வேண்டும். கடுகண்ணாவைச் சரிவில் களிமண்ணும் அதற்குள் புதைந்த பெரும்பாறைகளும் கலந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை அந்தச் சரிவை நேராக வந்து அறையும். மழைநீர் வீதியின் குறுக்கே பாய்ந்தால் ஒரே பருவத்தில் வீதி பள்ளத்தில் போய்விடும் என்பதால், மலைப்பக்கம் வடிகால் வெட்டி, குறிப்பிட்ட இடைவெளிகளில் மதகு வைத்து, நீரை வீதிக்கு அடியால் மறுபக்கம் இறக்க வேண்டியிருந்தது. குதிரையின் வசதிக்காகச் சாய்வு, சாய்வுக்காக மலைவெட்டு, மலைவெட்டைக் காக்க மதகும் சுவரும். இயந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாத காலத்தில் இவை அனைத்தும் மண்வெட்டி, அலவாங்கு, கூடை, உளி, வெடிமருந்து ஆகியவற்றால் முடிந்தன. பார்ன்ஸ் வகுத்த கொள்கைக்கும் டோசன் வகுத்த கோட்டுக்கும் இடையே நின்று, அந்தக் கூடையைச் சுமந்த மனிதர் யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

அரசனுக்குரிய ஊழியம்

கண்டி இராச்சியத்தில் நிலம் வைத்திருந்தவர் அந்த நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். இதுவே இராசகாரியம். நிலத்துக்கு நிலம், சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் ஊழியம் வேறுபட்டது. ஒருவர் படைக்குப் போவார். ஒருவர் சுமை தூக்குவார். ஒருவர் குளக்கட்டையும் வழியையும் செப்பனிடுவார். இது சமத்துவமான முறை என்று யாரும் சொல்ல முடியாது. எனினும் அதற்கு வழக்கம் விதித்த எல்லைகள் இருந்தன. எத்தனை நாள், எந்தக் காலத்தில், எந்த வேலை என்பதை ஊர் அறியும். அந்த எல்லையை ஓயாமல் மீறும் மன்னன் தன் பிரதானிகளின் ஆதரவையும் குடிகளின் பணிவையும் இழக்கும் ஆபத்தில் இருந்தான்.

1815க்குப் பிறகு, அரசனுக்கு இருந்த உரிமைகள் எல்லாம் தமக்கு வந்துவிட்டன என்று ஆங்கிலேயர் கருதினர். வரியைவிட ஊழியமே அவற்றில் அவர்களுக்குப் பயன்மிகுந்ததாக இருந்தது. பார்ன்ஸ் காலத்தில் ஊர்த்தலைவர்களின் வழியாக ஆட்கள் திரட்டப்பட்டு, தமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களில், வழக்கம் அறியாத கால அளவுக்கு வீதி வேலையில் நிறுத்தப்பட்டார்கள். விதைப்புக் காலமா, அறுவடைக் காலமா என்பது வீதி வேலைக்குப் பொருட்டாக இருக்கவில்லை. கூலியும் இல்லை. காய்ச்சல் மிகுந்த காடுகளில் வெட்டவெளிக் கொட்டில்களில் தங்கி வேலை செய்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பதைச் சொல்லும் நினைவுக்கல் எதுவும் வழிநெடுகக் கிடையாது. பழைய முறையில் ஊழியத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிலமும் அரசனின் பாதுகாப்பும் இருந்தன. புதிய முறையில் ஊழியம் மட்டும் மிஞ்சியது.

இவர்களோடு பயனியர் படை என்ற வீதி வேலைப் படையும் சேர்ந்து உழைத்தது. அதில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வருவதற்கு முன்பே, தமிழர் கைகள் மலைநாட்டு வீதிகளில் கல் உடைத்துக்கொண்டிருந்தன என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி.

இலங்கையின் நிர்வாகத்தை ஆராய அனுப்பப்பட்ட கோல்புறூக் ஆணைக்குழு 1829இல் தீவுக்கு வந்தது. இராசகாரியத்தைக் கடுமையாகக் கண்டித்து, அதை ஒழிக்கும்படி அது பரிந்துரைத்தது. 1832இல் இராசகாரியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுக்குள் கண்டி வீதி முடிந்துவிட்டிருந்தது.

துளைத்த பாறை

கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே, வீதியின் கோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரும்பாறை நின்றது. அதைச் சுற்றிப்போக வேண்டுமானால் சாய்வு கெடும், அல்லது பள்ளப்பக்கம் உயரமான சுவர் எழுப்ப வேண்டும். பாறையைத் துளைத்து அதனூடாக வீதி கொண்டுசெல்லப்பட்டது. மலையைத் துளைத்து வழி செய்பவன் எவனோ அவனே கண்டியை நிலையாக ஆள்வான் என்று கண்டி மக்களிடையே ஒரு முன்னறிவிப்பு வழங்கியதாகவும், அதை நிறைவேற்றிக் காட்டுவதற்காகவே ஆங்கிலேயர் பாறையைக் குடைந்ததாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. பாறையைக் குடைவதற்குச் சாய்வின் கணக்கே போதுமான காரணமாக இருந்தது என்பது என் எண்ணம். ஆயினும் அக்கதையை ஆங்கிலேயர் விரும்பிப் பேசியதில் வியப்பில்லை. ஒரு படைவீதி தன் வேலையைச் செய்வதற்குப் படை அதில் நடக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நடக்க முடியும் என்று மக்கள் நம்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்றைய வாகனப் போக்குவரத்து பாறையின் பக்கத்தால் அகலமாக வெட்டிய வழியில் செல்கிறது. பாறையும் அதன் துளையும் அருகிலேயே விட்டுவைக்கப்பட்டுள்ளன.

டோசன் 1829 மார்ச்சில் கொழும்பில் காலமானார். தாம் திட்டமிட்ட வீதியில் தபால் வண்டி ஓடியதை அவர் காணவில்லை. அவருடைய நண்பர்களும் அவரைப் போற்றியவர்களும் நன்கொடை திரட்டி, 1832இல் கணவாயின் உச்சியில் 125 அடி உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். இந்த வீதியை அவருடைய அறிவும் திறமையும் திட்டமிட்டு நிறைவேற்றின என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. திட்டமிட்டது அவர் என்பதில் ஐயமில்லை. நிறைவேற்றியதில் பங்கு உடையவர்களின் பட்டியல் அந்தக் கல்லில் அடங்காது.

கோபுரத்தைத் தாண்டிய வீதிக்குப் பேராதனையில் இன்னொரு தடை காத்திருந்தது. 1803இல் டேவியின் படையைச் சாகவிட்ட அதே மகாவலி கங்கை அது. ஜோன் பிரேசர் என்ற படை அதிகாரி 1833இல் அதன்மேல் ஒரு பாலம் அமைத்தார். முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. ஆற்றின் நடுவே தூண் எதுவும் இன்றி 205 அடி தூரத்தை ஒரே வளைவாகத் தாண்டியது. ஆணியோ மரையாணியோ இல்லாமல் மரத்தோடு மரம் பொருத்தி அதைக் கட்டினார்கள். நடுத்தூண் இல்லாததால் வெள்ளக்காலத்தில் அடித்துவரும் பெருமரங்கள் மோதி உடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம் கொடுத்தது. இந்த வீதியில் நடந்த பொறியியல் வேலைகளுள் ஒன்றை மட்டும் நான் நேரில் காண முடியுமானால், பாறைத் துளையை விட்டுவிட்டு, இன்று இல்லாத அந்த மரப்பாலத்தையே கேட்பேன். கீழே மாவனல்லையில் மா ஓயாவின் மேல் 1830களில் கட்டிய செங்கல் வளைவுப் பாலம் மட்டும் இன்றும் வீதியைச் சுமக்கிறது.

தபால் வண்டி

வீதி வருமுன் கடிதம் மலையேறியது தபால் ஓட்டக்காரரின் காலால். ஒருவர் ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுக்க, அவர் ஓடி அதற்கடுத்தவரிடம் கொடுப்பார். அதிகாரிகள் பல்லக்கில் பயணம் செய்தனர், மற்றவர்கள் நடந்தனர். 1832 பெப்ரவரியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியதும், 72 மைல் தூரம் ஒரே பகலின் பயணமாயிற்று.

குதிரை வண்டிப் பயணத்தின் வேகம் குதிரையின் ஓட்டத்தைவிடக் குதிரையை மாற்றும் ஏற்பாட்டில்தான் தங்கியிருந்தது. பாரத்தோடு ஓடும் குதிரை ஒருசில மைல்களில் களைத்துவிடும். தாழ்நிலத்தின் வெக்கையில் இன்னும் விரைவாகக் களைக்கும். ஆகவே வழிநெடுக இலாயங்களில் புதிய குதிரைகள் ஆயத்தமாக நிற்க வேண்டும். புல், தீனி, இலாடம் அடிப்பவர், சாரதி, பணியாள் என்று ஒவ்வொரு நிலையமும் ஒரு சிறு குடியிருப்பாக வளர்ந்தது. பயணிகள் இறங்கி உணவருந்தவும் இரவு தங்கவும் வாடிவீடுகள் எழுந்தன. ஏறத்தாழ நடுவழியில் உள்ள அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828இல் கட்டப்பட்டது. இலங்கையின் மிகப் பழைய வாடிவீடு என்று அதைச் சொல்கிறார்கள்.

1832 என்ற அந்த ஒரே ஆண்டில் நிகழ்ந்தவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தபால் வண்டி ஓடத் தொடங்கியது. வீதியை வெட்டிய ஊழியமுறை ஒழிந்தது. வீதியைத் திட்டமிட்டவருக்குக் கோபுரம் எழுந்தது. அந்த ஊழியத்துக்கு உரிமையுடையவனாக இருந்த கடைசிக் கண்டி மன்னன் வேலூரில் சிறையிருப்பிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இருக்கும் இடத்தைத்தான் வேலூர் மக்கள் முத்து மண்டபம் என்கிறார்கள்.

தபால் வண்டியில் அமர்ந்தவர்கள் அதிகாரிகளும் படையினரும் தோட்டத் துரைமாரும் வசதி படைத்த சிலருமே. ஊர்மக்கள் தாங்கள் வெட்டிய வீதியின் ஓரத்தில் நடந்துதான் சென்றார்கள்.

கோப்பி, மாட்டு வண்டி, கொள்ளை

படைக்காக வெட்டிய வீதியின் போக்கைக் கோப்பி மாற்றியது. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியவில் கோப்பி பயிரிட்டார். பார்ன்ஸும் கன்னொறுவையில் தமக்கெனத் தோட்டம் திறந்தார். வீதியைப் போட்ட ஆட்சியாளரே அந்த வீதியால் இலாபம் பெறும் தோட்டக்காரராகவும் இருந்தது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. இன்று படிக்கும் நமக்கு உறுத்துகிறது. 1830களின் பிற்பகுதியில் கோப்பி பெருகியபோது, தோட்டங்களிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டைகளை இறக்கியவை மாட்டு வண்டிகள். பெரும்பாலும் கரையோரச் சிங்களவர் நடத்திய வண்டித் தொழில் அது. பாரமேறிய இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் மழைக்காலத்தில் சரளையை அரைத்துச் சேறாக்கின. குதிரை வண்டிக்காகப் போட்ட வீதி, கோப்பி வண்டியின் பாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்தது.

அந்தக் கோப்பியைப் பறித்த தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டுக்கு வந்த வழி இதுவன்று. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு அவர்கள் நடந்தார்கள். வழியில் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தவர் பலர். இந்த வீதியில் குதிரைக்கு இலாயமும் துரைக்கு வாடிவீடும் கட்டப்பட்ட அதே காலத்தில், அந்த வடபாதையில் தொழிலாளருக்குக் குடிநீரும் நிழலும்கூட உறுதியாக இல்லை. ஏற்றுமதிப் பொருள் இறங்கும் வழிக்குக் கிடைத்த கவனம் ஆட்கள் ஏறும் வழிக்குக் கிடைக்கவில்லை.

ஒழிக்கப்பட்ட கட்டாய வேலை வேறோர் உருவத்தில் 1848இல் திரும்பியது. தேசாதிபதி டொறிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டத்தின்படி, 18 முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும். இராசகாரியம் ஒழிந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. வீதி வேலை என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய வரிகளோடு இந்தச் சட்டமும் சேர்ந்து மக்களைக் கொதிக்கச் செய்தது. மாத்தளையிலும் கண்டியைச் சூழ்ந்தும் எழுந்த கிளர்ச்சி இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிய முறையின் கொடுமை இலண்டன் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டு, டொறிங்டன் 1850இல் திரும்ப அழைக்கப்பட்டார். வீதி அதன் முதல் நோக்கத்தை அன்று நிறைவேற்றியது என்றே சொல்ல வேண்டும். 1818இல் ஓராண்டுக்கு மேல் நீடித்த போர், 1848இல் சில கிழமைகளில் முடிந்ததற்கு வீதியும் ஒரு காரணம்.

பணமும் பண்டமும் ஓடும் வீதியில் கொள்ளையும் வந்தது. மாவனல்லைக்கு அருகில் உள்ள உதுவன்கந்த மலையின் குகைகளைத் தங்குமிடமாக்கிக்கொண்டு கண்டி வீதியில் கொள்ளையடித்த சரதியேல், தபால் வண்டி ஓடத் தொடங்கிய அதே 1832இல் பிறந்தவன். செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று மக்கள் கதை அவனைக் கொண்டாடுகிறது. 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவன் சுற்றிவளைக்கப்பட்டபோது, துவான் சபான் என்ற மலாய்க் காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கடமையின்போது உயிர்நீத்த முதலாவது இலங்கைக் காவலர் அவர். அந்த நாளை இலங்கைப் பொலிஸ் இன்றும் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கிறது. சரதியேலும் அவனுடைய தோழன் மம்மலி மரைக்காரும் அதே ஆண்டு மே மாதத்தில் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

புகையிரதம் வந்த பின்

சரதியேல் தூக்கிலிடப்பட்ட 1864ஆம் ஆண்டின் டிசம்பரில் கொழும்பிலிருந்து முதலாவது புகையிரதம் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. மாட்டு வண்டிக் கூலியும் தாமதமும் தாங்காத கோப்பித் தோட்டக்காரர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திக் கேட்ட இருப்புப்பாதை அது. 1858இல் வேலை தொடங்கியது. கடுகண்ணாவை ஏற்றம் இங்கும் கடினமான பகுதியாக அமைந்தது. இரும்புச் சக்கரம் குதிரை வண்டியைப்போல ஏறாது என்பதால் 45 அடிக்கு ஓர் அடி என்ற சாய்வில், சுரங்கங்களினூடாகவும் பாறை விளிம்புகளிலும் பாதை கொண்டுசெல்லப்பட்டது. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. தபாலும் பயணியும் கோப்பியும் இருப்புப்பாதைக்கு மாறினர்; கண்டிக் குதிரை வண்டியின் காலம் முடிந்தது. புகையிரதம் எட்டாத உட்பகுதிகளில் மட்டும் தபால் வண்டிகள் மேலும் பல ஆண்டுகள் ஓடின.

வீதி ஓய்ந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனம் வந்தபோது, குதிரையின் மூச்சுக்கு ஏற்ப வகுத்த சாய்வு பேருந்துக்கும் பொருந்தியது. அதனால் புதுக்கோடு தேட வேண்டிய தேவை எழவில்லை. வளைவுகளை அகலப்படுத்தினார்கள், தார் போட்டார்கள், சில இடங்களில் மலையை மேலும் வெட்டினார்கள். அந்த மேலதிக வெட்டில்தான் இன்றைய சிக்கலும் இருக்கிறது. ஒரு வண்டி செல்லும் அகலத்துக்காகத் தாங்கி நின்ற சரிவின் அடியை, வீதியும் கடைகளும் வீடுகளும் சேர்ந்து அகழ்ந்துவிட்டன. களிமண்ணில் நீர் ஊறும் பருவமழைக் காலங்களில் கடுகண்ணாவைப் பகுதியில் மண்ணும் பாறையும் சரிந்து வீதி மூடப்படுவது அண்மைக் காலத்தில் பலமுறை நடந்திருக்கிறது. பழைய பொறியியலாளர் மலைப்பக்க வடிகாலுக்கும் மதகுக்கும் கொடுத்த முதலிடத்தை, அகலத்துக்கும் வேகத்துக்கும் முன்னுரிமை தரும் நாம் அவற்றுக்குக் கொடுப்பதில்லை.

குருநாகல் வழியாக அமைக்கப்பட்டுவரும் மத்திய அதிவேகப் பாதை, கண்டிக்குச் செல்லும் நீண்டதூர வாகனங்களைக் கடுகண்ணாவையிலிருந்து பிரித்துவிடக்கூடும். அதன் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. முழுப் பாதையும் முடியும் நாளில், பழைய வீதியின் பாரம் குறையும். சரிவை ஆராய்ந்து செப்பனிடவும், பாறைத் துளையையும் டோசன் கோபுரத்தையும் மாவனல்லைப் பாலத்தையும் ஒரே வரலாற்று வழியாகக் கருதிப் பேணவும், வீதியை வெட்டிய கண்டி ஊர்களின் மக்களையும் தென்னிந்தியப் பயனியர்களையும் குறிப்பிடும் ஒரு கல்லை அந்தக் கோபுரத்தின் அருகில் நாட்டவும் அப்போதாவது வாய்ப்பு வரும்.